எழுதப்பட்டவர் அதே லயத்தில்தான் இருப்பார்

இலங்கையின் தேயிலைத் தோட்டங்களைச் சார்ந்து வாழும் மலையக மக்களைப் பற்றி எழுதுபவர்கள் இன்று முன்னெப்போதையும் விடப் பெருகியிருக்கிறோம். கையில் ஒரு தொலைபேசியும் ஓரளவு சிக்னலும் இருந்தால், மஸ்கெலியாவின் ஒரு தோட்டப் பிரிவில் காலையில் நடந்ததை மதியத்துக்குள் டொரொண்டோவில் இருப்பவர் வாசித்துவிடுகிறார். தோட்டங்களை நிர்வகித்த துரைமாரின் அறிக்கைகளிலும் ஆணைக்குழுக்களின் ஏடுகளிலுமே பெரும்பாலும் இடம்பெற்று வந்த ஒரு சமூகத்தின் பிள்ளைகள், தம் கதையைத் தாமே எழுதத் தொடங்கியிருப்பதில் எனக்குப் பெருமகிழ்ச்சி உண்டு. அந்த மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் வளர்ந்து வருவதால்தான் இதை எழுதுகிறேன். எழுதுபவர் தமது வேலையை முடித்துக்கொண்டு ஹட்டனுக்கோ கொழும்புக்கோ பஸ் ஏறிவிடுவார். எழுதப்பட்டவரோ மறுநாள் விடியற்காலையில் வேலை பிரித்துக் கொடுக்கப்படும் அதே பெரட்டுக் களத்தில், அதே கங்காணியின் முன்னால், அதே அயலவர்களின் நடுவே நிற்க வேண்டும். எழுத்தின் பெருமை ஒருவருக்கும் அதன் விளைவு இன்னொருவருக்குமாகப் பிரிந்து கிடக்கும் இந்த நிலையிலிருந்துதான் எழுத்தில் நேர்மை என்பதை நான் யோசிக்கத் தொடங்குகிறேன்.

பெயரை நீக்கிவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். பெருநகரத்தில் அது ஓரளவு சரியாக இருக்கலாம். தோட்டத்தில் ஒருபோதும் சரிவராது. “மேற்பிரிவில் வசிக்கும், கணவர் கொழும்பில் கடையில் வேலை செய்யும், மூன்று பெண் பிள்ளைகளின் தாய்” என்று எழுதினால் அந்தப் பிரிவில் உள்ள அத்தனை பேருக்கும் அவர் யார் என்று தெரியும். கோயில் திருவிழாவில் நடந்த சண்டையைக் குறிப்பிட்டால் ஆண்டும் தெரிந்துவிடும். படத்தின் பின்னணியில் தெரியும் பிள்ளைக் காம்பராவின் (குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தின்) சுவர் வர்ணம் எந்தத் தோட்டம் என்பதைச் சொல்லிவிடும். ஆகவே ஒருவரை மறைத்து எழுத வேண்டிய இடத்தில், வெளியூர் வாசகருக்குத் தெரியாமற் செய்தால் போதும் என்று நின்றுவிடக் கூடாது. வரிசை அறைகளாகக் கட்டப்பட்ட அந்த லயத்தில் அடுத்த காம்பராவில் குடியிருப்பவர் வாசித்தாலும் தெரியாதபடி எழுத முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடியவில்லையென்றால், அந்தச் செய்தி எவ்வளவு முக்கியமானதாக இருந்தாலும் அதை வேறு வழியில் சொல்வதற்கான உழைப்பு நம்முடையது. தோட்டத்தின் பெயரை விட்டு மாவட்டத்தை மட்டும் குறிப்பிடலாம். ஒரு குடும்பத்தின் கதையாகச் சொல்லாமல் பல குடும்பங்களுக்குப் பொதுவான நிலையாகச் சொல்லலாம். ஆனால் விவரங்களை மாற்றிப் புனைந்துவிட்டு, உண்மைச் சம்பவம் என்று தலைப்பிடுவதை நான் ஏற்கமாட்டேன். எதை மாற்றினோம் என்று வாசகருக்குச் சொல்லிவிட்டால் அதில் பழுதில்லை.

சாதியைப் பற்றிய குறிப்புகளையும் இங்கேயே சொல்ல வேண்டும். தோட்டங்களில் சாதி மறைந்துவிட்டது என்று எழுதுவது பொய். அதே வேளை, ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் சாதியைப் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போவது, அந்த வீட்டுப் பிள்ளைகளின் பாடசாலை வாழ்க்கையிலும் கல்யாணப் பேச்சிலும் போய் நிற்கும். சாதி ஒழுங்கைப் பற்றி எழுதத்தான் வேண்டும். அதற்காக ஒரு வீட்டு வாசலைச் சுட்டிக்காட்டத் தேவையில்லை.

அனுமதி பெற்றே எழுதுகிறோம், அனுமதி பெற்றே படம் எடுக்கிறோம் என்று சொல்பவர்கள் பலர். அந்த அனுமதி எப்படிப் பெறப்பட்டது என்பதில்தான் என் கேள்வி இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் துரைக்கும், தோட்டத்து உத்தியோகத்தரான கண்டக்டருக்கும், கணக்கப்பிள்ளைக்கும், வெள்ளைச் சட்டை போட்டு வருகிற எவருக்கும் “சரிங்க ஐயா” என்று சொல்லிப் பழக்கப்பட்ட ஒரு பெண்ணிடம், தோளில் கெமராவோடு போய், “அம்மா, ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டால் வரும் “சரி” எவ்வளவு சுதந்திரமானது? கொழுந்து மடுவத்தில் நிறுவைக்கு வரிசையில் நிற்பவரிடம், மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்கும்போது கேட்கப்படும் அனுமதியை அனுமதி என்று நான் எண்ணுவதில்லை. அவர் வீடு திரும்பி, முகம் கழுவி, தேநீர் குடித்து உட்கார்ந்த பிறகு, இந்தப் படம் எங்கே போகும், யார் யார் பார்ப்பார்கள், பார்த்தவர்கள் என்னென்ன சொல்லக்கூடும் என்பதையெல்லாம் சொல்லிக் கேட்க வேண்டும். வேண்டாம் என்று சொல்வதற்கான வழியையும் நாமே திறந்து வைக்க வேண்டும். “யோசித்து நாளைக்குச் சொல்லுங்கள் அக்கா” என்று விட்டுவிட்டு வந்தால், மறுநாள் மறுப்பவர்கள் கணிசமாக இருப்பார்கள். முந்திய நாளே எடுத்திருந்தால் அவர்கள் அனைவரும் சம்மதித்தவர்களாகக் கணக்கில் சேர்ந்திருப்பார்கள்.

சிறுவர்களின் விடயத்தில் இது இன்னும் கடுமையாகிறது. புத்தகப்பை கொடுக்கிறோம், சப்பாத்து கொடுக்கிறோம் என்று வருகிறவர்கள், பிள்ளை அந்தப் பையை வாங்கும் கணத்தைப் படமெடுத்து, பாடசாலையின் பெயரோடு வெளியிடுகிறார்கள். உதவியின் தேவையை நான் மறுக்கவில்லை. பெறுபவரின் முகம் தெரிந்தால்தான் நிதி சேரும் என்ற வாதத்தையும் கேட்டிருக்கிறேன். ஆனால் எட்டு வயதில் கிழிந்த சட்டையோடு எடுக்கப்பட்ட அந்தப் படம், அந்தப் பிள்ளை உயர்தரம் படித்து, பல்கலைக்கழகம் போய், ஒரு வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போகும் நாளிலும் தேடினால் கிடைக்கும். அதற்கு எட்டு வயதில் அந்தப் பிள்ளை சம்மதிக்கவில்லை. பெற்றோரும், பையை வாங்கிக்கொண்ட கடமைப்பாட்டில், மறுக்கக்கூடிய நிலையில் இருக்கவில்லை. பைகளைப் படமெடுக்கலாம், பற்றுச்சீட்டை வெளியிடலாம், எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்று எழுதலாம். கணக்குக் கேட்கும் நன்கொடையாளருக்கு அதுவே போதுமான சான்று.

பாலியல் வன்முறைக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவது இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவையின் 365சி பிரிவின் கீழ் குற்றம். சட்டம் அப்படிச் சொல்லியிருந்தும், வீட்டு வேலைக்குப் போன இடத்தில் துன்பத்துக்கு உள்ளான நம் பிள்ளைகளைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம், அவர்களின் பாடசாலைச் சீருடைப் படம் கோபத்தோடும் கண்ணீரோடும் ஆயிரக்கணக்கில் பகிரப்படுவதைப் பார்க்கிறோம். கோபம் நியாயமானது, அந்தக் கோபத்துக்குப் பிள்ளையின் முகம் தேவையில்லை. தற்கொலைச் செய்திகளிலும் இதே அவசரத்தைக் காண்கிறேன். எப்படி இறந்தார் என்ற விவரம், கடைசியாக எழுதிய கடிதம், “கடன் தொல்லையால்”, “காதல் தோல்வியால்” என்று ஒற்றை வரியில் சொல்லப்படும் காரணம் ஆகிய மூன்றும், அதே மனநிலையில் இருக்கும் இன்னொருவருக்கு வழிகாட்டக்கூடியவை என்று மருத்துவர்கள் நீண்ட காலமாக எச்சரித்து வருகிறார்கள். எழுதியே ஆக வேண்டுமென்றால் அவற்றைத் தவிர்த்து, 1926 என்ற தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கத்தையாவது சேர்த்து எழுதலாம்.

அனர்த்த காலத்தில் எழுதுவதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன், ஏனெனில் நம் மலைகளில் அது பேச்சளவில் நின்றுவிடும் விடயமாக இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்த, மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. முதல் மணித்தியாலங்களில் புதையுண்டவர்கள் நூறு என்றும், இருநூறு என்றும், அதற்கும் மேல் என்றும் எண்கள் பறந்தன. பிள்ளைகள் பாடசாலையிலும் பெரியவர்கள் மலையிலும் இருந்த வேளை அது என்பதால், யார் வீட்டில் இருந்தார்கள் என்பதே தெரிந்திருக்கவில்லை. பின்னர் உறுதிப்பட்ட எண்ணிக்கை அந்த முதல் எண்களை விட வெகுவாகக் குறைவாக இருந்தது. எண் குறைந்ததால் துயரம் குறைந்துவிடாது. ஆனால் அந்த நாட்களில் வெளிநாட்டிலும் கொழும்பிலும் இருந்த உறவினர்கள் ஒவ்வொரு எண்ணையும் வாசித்துவிட்டு என்ன நிலையில் இருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அங்கிருந்து அகற்ற வேண்டும் என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்பே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தால் விடுக்கப்பட்டிருந்தது. எண்களை முந்திக்கொண்டு வெளியிட்டவர்களில் மிகச் சிலரே, அந்த எச்சரிக்கை ஏன் செயலாகவில்லை என்ற கேள்வியோடு அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அங்கே திரும்பிப் போனார்கள். முதல் நாளில் ஆயிரம் பேர் எழுதுவதும், ஆயிரமாவது நாளில் ஒருவரும் எழுதாமல் விடுவதும் ஒரே பொறுப்பின்மையின் இரண்டு பக்கங்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவுகள் பேரிழப்பை ஏற்படுத்தின. அத்தகைய இரவுகளில் எல்லோரும் எதையாவது பகிர்ந்து உதவத் துடிப்பது இயல்பு. அதனாலேயே மண்சரிவு எச்சரிக்கையைப் பகிரும் முறையை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளில் வரும். மஞ்சள் விழிப்புக்கு, செம்மஞ்சள் ஆயத்தத்துக்கு, சிவப்பு வெளியேறுவதற்கு. அது எந்தப் பிரதேச செயலாளர் பிரிவுக்கு, எந்த நாளின் எத்தனை மணி வரைக்கும் என்பதும் அதிலேயே குறிப்பிடப்பட்டிருக்கும். திகதியும் பிரிவும் வெட்டப்பட்ட ஒரு படம் வட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கினால் இரண்டு கேடுகள் விளைகின்றன: காலாவதியான சிவப்பு எச்சரிக்கையைப் பார்த்து ஒரு கூட்டம் இருட்டில் கைக்குழந்தையோடு இறங்கி நடக்கும், அப்படி ஒருமுறை வீணாக இறங்கியவர்கள், அடுத்த முறை உண்மையான எச்சரிக்கை வரும்போது வீட்டை விட்டு நகரமாட்டார்கள். திகதி, நேரம், பிரிவின் பெயர், வெளியிட்ட நிறுவனம் ஆகிய நான்கும் இல்லாத எச்சரிக்கையை நான் பகிர்வதில்லை. கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்திடமோ கேட்டு உறுதிப்படுத்தும் வரை காத்திருப்பது, அந்த இரவில் செய்யக்கூடிய உதவிகளில் சிறியதல்ல.

வதந்தி உயிரைக் குடிக்கும் என்பதற்கு நாம் தொலைவில் உதாரணம் தேட வேண்டியதில்லை. 2018 மார்ச் மாதம் கண்டி மாவட்டத்தில், திகனையிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டன, உயிர்கள் பறிபோயின. அதற்கு முந்திய வாரம், அம்பாறையில் ஓர் உணவகத்தில் உணவில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டது என்ற அடிப்படையற்ற கதை பரப்பப்பட்டிருந்தது. வன்முறை தொடர்ந்தபோது அரசாங்கம் அவசரகாலச் சட்டத்தை அமுல்படுத்தி, முகநூலையும் வட்ஸ்அப்பையும் சில நாட்களுக்கு முடக்கியது. தன் தளம் அந்த வன்முறைக்குப் பயன்படுத்தப்பட்டதற்காக முகநூல் நிறுவனம் 2020ஆம் ஆண்டு மன்னிப்புக் கேட்டது. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளில் தமிழருக்கெதிரான வன்முறையில் லயங்கள் எரிந்ததைக் கண்ட பாட்டிமாரின் பேரப்பிள்ளைகள் நாம். பக்கத்து ஊரில் இன்னொரு சமூகத்தைப் பற்றி ஒரு கதை கிளம்பும்போது, அதைச் சரிபார்க்காமல் கைமாற்றும் உரிமை உலகில் வேறு யாருக்கு இருந்தாலும் நமக்கு இல்லை. இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது.

அவ்வளவு பயங்கரமில்லாத, ஆனால் அன்றாடம் நடக்கும் தவறொன்று சம்பளக் கணக்கில் இருக்கிறது. 2024 மே தினத்தையொட்டித் தோட்டத் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு 1,700 ரூபா என்ற அறிவிப்பு வந்தது. கிடைத்தே விட்டது என்று வாழ்த்துப் பதிவுகள் குவிந்தன. தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. அதே ஆண்டு செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. இந்த இடைவெளியைச் சொல்லாமல் எழுதியவர்களால் பாதிக்கப்பட்டவர்கள் யார் என்றால், கடையில் பற்றுக் கணக்கு வைத்திருக்கும் குடும்பங்கள்தான். “உங்களுக்குத்தான் கூட்டிவிட்டார்களே” என்று கடைக்காரர் கேட்பார். ஊரில் உள்ள உறவினரும் கேட்பார்கள். இன்னும் ஒன்று: நாட்சம்பளத்தை மட்டும் எழுதுவது பாதி உண்மையே. குறித்த கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர். மாதத்தில் எத்தனை நாள் வேலை கொடுக்கப்படுகிறது என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். பேரையும் நாட்களையும் சொல்லாமல் ரூபாவை மட்டும் எழுதினால், தோட்டத்தை அறியாத வாசகர் மாத வருமானத்தைத் தாமாகவே பெருக்கிப் பார்த்துத் தவறான முடிவுக்கு வருவார்.

இவ்வளவு எச்சரிக்கைகளையும் சொன்ன பிறகு, பயந்து பயந்து எழுதச் சொல்கிறேனா என்று யாரேனும் நினைத்தால், அதை உடனே மறுக்க விரும்புகிறேன். மென்மை தேவைப்படுவது வலிமை குறைந்தவர்பால். அதிகாரத்தில் இருப்பவர்பால் தேவைப்படுவது துல்லியம். 1920களில் தொழிற்சங்க முன்னோடியும் பத்திரிகையாளருமான கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடம் பூண்டு தோட்டங்களுக்குள் நுழைந்து தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்ததாகச் சொல்லப்படுகிறது. வெளியார் எவரும் துரையின் அனுமதியின்றி உள்ளே போக முடியாத காலம் அது. அவரும் அவர் மனைவி மீனாட்சி அம்மையாரும் எழுதியும் பேசியும் பாடியும் வெளிக்கொணர்ந்தவை தோட்ட உலகையே அசைத்தன. பொய்வேடம் போடுவது எழுத்தாளருக்குத் தகுமா என்று கேட்கலாம். அவர் தம்மை மறைத்தது அதிகாரத்திடமிருந்து; எழுதியதைத் தம் பெயரிலேயே வெளியிட்டு, அதற்கான பகையையும் தாமே தாங்கினார். போலிப் பெயருக்குப் பின்னால் இருந்துகொண்டு ஒரு தோட்டத்து ஆசிரியையின் நடத்தையைப் பற்றிப் பதிவு போடுகிற இன்றைய துணிச்சலை அந்த மரபோடு சேர்த்துப் பேசுவது அநியாயம். புனைபெயரே தவறு என்று நான் சொல்லவில்லை. வேலை பறிபோகும், வீடு பறிபோகும் என்ற நிலையில் நிர்வாகத்தை எதிர்த்து எழுதும் தொழிலாளிக்கு அது கவசம். வலியவரிடமிருந்து காத்துக்கொள்ள அதை அணியலாம். எளியவரைத் தாக்க அணியக் கூடாது.

அதிகாரத்தைக் கேள்வி கேட்க நமக்கு இன்று வேடமும் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் அரச நிறுவனத்திடம் எழுத்தில் தகவல் கேட்கலாம். தருவதா மறுப்பதா என்பதை அவர்கள் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்துச் சொல்ல வேண்டும். வீடமைப்புத் திட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, வீதிக்கு யார் ஒப்பந்தக்காரர், மண்சரிவு ஆபத்துள்ள லயங்களின் பட்டியல் எங்கே என்பதையெல்லாம் கேட்டு, கிடைத்த கடிதத்தை வைத்து எழுதலாம். பிரஜைக்குரிய உரிமை இது என்பதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரஜாவுரிமை இழந்து, 1964ஆம் ஆண்டு இலங்கை-இந்திய ஒப்பந்தத்தில் தலைகளாக எண்ணிப் பங்கிடப்பட்டு, 2003ஆம் ஆண்டு வரை எஞ்சியோரின் நிலை தீராதிருந்த சமூகம் நம்முடையது. அவ்வளவு காலம் காத்திருந்து பெற்ற உரிமை கையில் இருக்கும்போது, “கேள்விப்பட்டோம்”, “பேசிக்கொள்கிறார்கள்” என்று தொடங்கும் கட்டுரைகளை எழுதிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. ஆவணத்தோடு எழுதப்பட்ட ஒரு பக்கத்தைப் பொய் என்று தள்ளிவிடுவது கடினம். ஊகத்தோடு எழுதப்பட்ட பத்துப் பக்கத்தில் ஒரு வரி பிழையானாலும், அதைக் காட்டியே முழுவதையும் தள்ளிவிடுவார்கள்.

பாடல்களைப் பற்றி ஒரு சொல். மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் தொகுத்திராவிட்டால் நம் நாட்டார் பாடல்களில் பல காற்றோடு போயிருக்கும். இன்று அவ்வேலையைத் தொலைபேசியோடு பலர் தொடர்வது நல்லதே. ஆனால் ஒப்பாரியையோ தாலாட்டையோ பாடிக் கொடுத்த ஆச்சியின் பெயர் எங்கும் இல்லாமல், பதிவு செய்தவரின் பெயரே முத்திரையாக ஒளிர்கிறது. நாட்டார் பாடலுக்கு ஆசிரியர் இல்லாமலிருக்கலாம், பாடியவர் இருக்கிறார். அவர் விரும்பினால் அவரது பெயரும், தோட்டமும், பாடிய ஆண்டும் முதலில் வர வேண்டும். மன்மதன், ரதி கதையை ஆடும் காமன் கூத்தில் ரதியாக ஆடும் இளைஞனின் சில விநாடிகளை வெட்டி எடுத்து, வேறு பாட்டைச் சேர்த்துச் சிரிப்புக் காட்சியாக்குவதையும் பார்த்திருக்கிறேன். விரதமிருந்து ஆடுகிற ஒருவருக்கு அது எப்படி வலிக்கும் என்பதை எடுத்துச் சொல்லவும் வேண்டுமா?

எழுதுபவரின் சார்பும் வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மலையகத்தில் தொழிற்சங்கங்களே கட்சிகளாகவும் இருப்பதால், சம்பளப் பேச்சுவார்த்தையைப் பற்றி எழுதுபவர் எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறார் என்பது அந்தக் கட்டுரையின் ஒரு பகுதி. பழைய துரை பங்களாக்களில் இலவசமாகத் தங்கி, பனி படர்ந்த காலையைப் பற்றி எழுதுபவர், அறைக்கு யார் பணம் கொடுத்தது என்பதையும் எழுத வேண்டும். இரண்டு வரிகளுக்கு மேல் தேவைப்படாது.

நான் இப்போது கடைப்பிடிக்கும் வழக்கம் ஒன்றுண்டு. ஒரு சாதாரண மனிதரைப் பற்றி எழுதினால், வெளியிடுவதற்கு முன் அவர் வீட்டுக்குப் போய் முழுவதையும் வாய்விட்டு வாசித்துக் காட்டுகிறேன். எழுத்தில் அமைதியாகக் கிடந்த வரிகள் அந்தத் திண்ணையில் வேறு விதமாக ஒலிக்கும். “அந்த வார்த்தையை எடுத்துவிடு தம்பி, மாமியாருக்குத் தெரிந்தால் மனம் நோகும்” என்பார்கள், எடுத்துவிடுகிறேன். சில வேளைகளில் நான் தயங்கி மென்மையாக்கிய இடத்தில், “இல்லை, அவர் என்னைத் திட்டினதை அப்படியே போடு” என்பார்கள், அப்படியே போடுகிறேன். பிழை இருந்தால் சத்தமின்றி மாற்றிவிடாமல், எதை எந்தத் திகதியில் திருத்தினேன் என்று அதன் மேலேயே குறிப்பிடுகிறேன்.

சில ஆண்டுகள் கழித்து, மகளுக்குக் கல்யாணம் பேசுகிறோம், அந்தக் கட்டுரை வேண்டாம் என்று அவர்கள் கேட்டால், காரணத்தை விசாரிக்காமல் நீக்கிவிடுகிறேன். வாசகருக்கு இழப்பு உண்டென்றாலும், கதை அவர்களுடையது. அதே கோரிக்கை ஒரு தோட்ட நிர்வாகத்திடமிருந்தோ, தொழிற்சங்கத்திடமிருந்தோ, தேர்தலில் நிற்பவரிடமிருந்தோ வந்தால், எந்த வரி எப்படிப் பிழை என்பதை எழுத்தில் கேட்பேன். பிழையென்று காட்டினால் திருத்துவேன், காட்டாவிட்டால் அது அங்கேயே இருக்கும்.